ஊர்ப் பிள்ளைகளின் விளையாட்டுத் திடல்: புதுப்பிப்பு

எங்கள் கிராமத்தில் பிள்ளைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைக்க நிதி திரட்டுகிறோம், சேர்ந்த பணத்தில் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். நீங்கள் பலரும் சொன்னபடியே ஊர்க்கூட்டத்தில் முடிவாகிவிட்டது: முதல் செலவு தரைக்கு. ஊஞ்சல், சறுக்கு மரம் எல்லாம் அப்புறம்தான்.

இதில் எனக்கு ரொம்பவே நிம்மதி. வெறும் மண்ணும் புல்லும் மிதிபட்டு இறுகிவிடும், விழுகிற பிள்ளையைத் தாங்காது. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் கையேட்டின்படி, அமுங்கிய நிலையில் 9 அங்குல மணல் 4 அடி உயர விழுகைக்குத்தான் போதும். அதே ஆழ மரச்சில்லு 10 அடி வரை தாங்கும். அதனால் மரச்சில்லுதான். ஆனால் ஊஞ்சலுக்கு அடியில் கால் தேய்ந்து தேய்ந்து குழி விழும். அடிக்கடி வாரி நிரவ வேண்டும், குறையக் குறையக் கொட்ட வேண்டும். அதற்கென்று ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்கிறோம்.

பணம் தர முடியாதவர்கள் குழி வெட்டித் தருகிறோம் என்று தாங்களாகவே வந்து சொன்னார்கள். அதுவும் நன்கொடைதான், கணக்கில் அப்படியே எழுதியிருக்கிறோம்.

ஏணிப்படி, கம்பிகளின் இடைவெளி 3.5 அங்குலத்துக்குக் குறைவாகவோ 9 அங்குலத்துக்கு மேலாகவோ இருக்க வேண்டும், இல்லையென்றால் தலை சிக்கும் என்று எச்சரித்தவருக்குத் தனியாக நன்றி. விலைப்பட்டியல் கேட்கும்போதே அதையும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.