சின்ன போர்டில் யூஎஸ்பி ஹோஸ்ட்: எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது

காரைக்குடி, செக்காலை ரோடு:
பிரிண்டர், தராசு, டிஸ்க் போன்றவற்றைப் போர்டு தானே ஓட்டுவதுதான் யூஎஸ்பி ஹோஸ்ட். அது நின்றுபோகும் இடங்களை ஒவ்வொரு ஊர்க்காரராகச் சொல்கிறோம். ராஸ்பெரி பை ஜீரோ என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டிலிருந்து தொடங்குகிறேன். நம் பக்கக் கடைகளில் பில் பிரிண்டர் வைக்க அதிகம் கேட்பது அந்தப் போர்டைத்தான். அதில் இரண்டு மைக்ரோ யூஎஸ்பி வாய் உண்டு. ஓரத்தில் இருப்பது மின்சாரத்துக்கு மட்டும், டேட்டா லைனே அதில் கிடையாது. நடுவில் இருப்பதுதான் ஓடிஜி, அதாவது சாதனமாகவும் ஹோஸ்ட்டாகவும் மாறக்கூடிய வாய். பழைய சார்ஜர் வயரை வெட்டி ஏ-டைப் சாக்கெட் பற்றவைத்துக் கொடுக்கிறார்கள், அது போதாது. மைக்ரோ பிளக்கில் 5 பின். 4ஆவது ஐடி பின். அது 5ஆவதான கிரவுண்டோடு சேர்ந்திருந்தால்தான் ஓடிஜி முறையில் இருக்கும் போர்டு ஹோஸ்ட்டாக மாறும். கேபிள் வாங்கும்போது மல்டிமீட்டரில் அந்த இரண்டு பின்னுக்கும் கன்டினியூட்டி பாருங்கள்.

ஐடி பின்னை நம்ப வேண்டாமென்றால் கான்ஃபிக் ஃபைலில் டிடபிள்யூசி2 ஓவர்லேயை (யூஎஸ்பி சுற்றின் அமைப்பை மாற்றும் வரி) போட்டு, டிஆர்_மோட் என்பதை ஹோஸ்ட் என்று வைத்துவிடலாம். ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் புக்வர்ம் பதிப்பு முதல் அந்த ஃபைல், பூட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் இருக்கிறது. வரியை 'ஆல்' என்ற தலைப்பின் கீழ் எழுத வேண்டும். 'சிஎம்4' (கம்ப்யூட் மாட்யூல் 4) தலைப்பின் கீழ் எழுதினால் ஜீரோ அதைக் கண்டுகொள்ளவே செய்யாது. முன்பு யாராவது ஜீரோவை யூஎஸ்பி நெட்வொர்க் சாதனமாக ஓட்டியிருந்தால், பூட் ஆகும்போது லினக்ஸ் கெர்னல் படிக்கும் கமாண்ட்லைன் ஃபைலில் ஜி_ஈதர் மாட்யூல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதையும் எடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட் மாட்யூல் 4 வாங்குகிறவர்களுக்கு: மின்சாரத்தை மிச்சப்படுத்த அதில் யூஎஸ்பி முதலிலேயே அணைத்துத்தான் வருகிறது. அதே ஓவர்லே வரியைப் போட்டால் எழுந்துவிடும். போர்டு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

புதுவயல்:
காரைக்குடி அண்ணே சொன்னதெல்லாம் சரி. ஆனால் ரைஸ் மில் பக்கம் வரும் கேஸ்களில் பெரும்பாலானவை செட்டிங் கோளாறே இல்லை, மின்சாரம்தான். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கமாண்டில் 'டிவைஸ் டிஸ்கிரிப்டர் ரீட், எரர் -71' என்று வந்தால் உடனே கெர்னலை மாற்றக் கிளம்புகிறார்கள். முதலில் மீட்டரை எடுங்கள். போர்டின் ஜிபிஐஓ பின் வரிசையில் 2ஆவது (5 வோல்ட்) பின்னுக்கும் 6ஆவது (கிரவுண்ட்) பின்னுக்கும் நடுவே, சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். சும்மா இருக்கும்போது 5.1 வோல்ட் காட்டுவதில் ஒரு பயனும் இல்லை.

கணக்கு இதுதான். மலிவு கேபிளில் மின்சாரக் கம்பி 28 கேஜ் (எண் கூடக்கூடக் கம்பி மெல்லிசு). அது மீட்டருக்குச் சுமார் 0.21 ஓம். 2 மீட்டர் கேபிள் என்றால் போக வர 4 மீட்டர், 0.85 ஓம். 1 ஆம்பியர் இழுத்தால் 0.85 வோல்ட் கேபிளிலேயே போய்விடும், 5.1இல் அதைக் கழித்தால் போர்டுக்கு 4.25தான் சேரும். வோல்டேஜ் குறைவென்று பை எச்சரிக்கும் எல்லை 4.63. அதே நீளத்துக்கு 20 கேஜ் போட்டால் இழப்பு 0.13 வோல்ட்டோடு நின்றுவிடும். போர்டின் நிலையைச் சொல்லும் விசிஜென்கமாண்ட்டில் கெட்_த்ராட்டில்டு கேட்டுப் பாருங்கள். 0எக்ஸ்50000 என்றால் பூட் ஆனபின் எப்போதோ வோல்டேஜ் விழுந்து, வேகமும் குறைந்திருக்கிறது. 0எக்ஸ்50005 என்றால் இப்போதும் அதே நிலை. ஜீரோவில் வோல்டேஜை அளக்கும் அந்தச் சுற்றே இல்லை, அதனால் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் பதில் சொல்லும். அதற்கு மீட்டர்தான் சாட்சி.

இன்னொன்று, பிரிண்டரைச் சொருகிய நொடியில் போர்டு ரீஸ்டார்ட் ஆவது. யூஎஸ்பி 2.0 விதிப்படி ஹோஸ்ட் பக்கம் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இருக்க வேண்டும், சாதனத்தின் பக்கம் 10க்கு மேல் போகக்கூடாது. ஜீரோவின் ஓடிஜி வாய் 5 வோல்ட் லைனோடு நேராகச் சேர்ந்திருப்பதால், சாதனத்தின் கெப்பாசிட்டர் நிறையும்போது அந்தப் பள்ளத்தில் போர்டும் விழுந்துவிடுகிறது. தனி அடாப்டர் உள்ள ஹப் போடுங்கள். வாங்குமுன் ஹப்புக்கு அடாப்டரை மட்டும் கொடுத்து, போர்டுக்குப் போகும் பிளக்கில் 5 வோல்ட் வருகிறதா என்று அளங்கள். வந்தால் அந்த ஹப் வேண்டாம். போர்டின் சப்ளையை அணைத்தாலும் பின்பக்கமாக மின்சாரம் ஏறி, அது முழுதாக அணையவும் செய்யாது, எழவும் செய்யாது. மில் மோட்டார் கிளம்பும்போது லைன் வோல்டேஜ் இறங்கும் இடங்களில் போர்டு, ஹப் இரண்டின் அடாப்டரையும் யூபிஎஸ் பக்கமே சொருகுங்கள்.

தேவகோட்டை:
எடைத் தராசு பற்றி. தராசை யூஎஸ்பியில் சேர்க்கும் சீரியல் கேபிளில் பெரும்பாலும் சிஎச்340 சிப்தான். சொருகிய சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கமாண்டில் அந்தச் சிப் 1ஏ86:7523 என்று தெரிந்தும், அதன் சீரியல் வாயான டிடிஒய்-யூஎஸ்பி0 வந்த உடனே மறைந்தால், உபுண்டு 22.04இல் பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெய்ல் சேவை அதைப் பிடித்துக்கொண்டது என்று பொருள். பிரெய்ல் கருவி இல்லாத மெஷினில் அதை நீக்கிவிடலாம். யூசரை, சீரியல் வாயைத் திறக்க அனுமதியுள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்க மறக்காதீர்கள். இரண்டு தராசு இருந்தால் 0, 1 என்ற எண்ணை நம்பக்கூடாது, ரீஸ்டார்ட்டில் மாறிப்போகும். சிஎச்340இல் வழக்கமாகச் சீரியல் எண் இருப்பதில்லை, எனவே 'பை-ஐடி' பெயரும் இரண்டையும் பிரித்துக் காட்டாது. டெவ் அடியில் சீரியல் ஃபோல்டரில் உள்ள 'பை-பாத்' பெயரை எடுத்துக்கொண்டு, எந்த வாயில் எந்தத் தராசு என்று ஹப்பின் மேல் மார்க்கரில் எழுதிவிடுங்கள்.

ஆத்தங்குடி:
ஆரஞ்சு பை ஜீரோ (இது வேறு போர்டு) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. 13 பின் வரிசையில் இன்னும் இரண்டு ஹோஸ்ட் வாய் இருக்கிறது. ஆர்ம்பியன் ஓஎஸ்ஸில் ஆர்ம்பியன்என்வ் ஃபைலின் ஓவர்லேஸ் வரியில் யூஎஸ்பிஹோஸ்ட்2, யூஎஸ்பிஹோஸ்ட்3 சேர்த்தால்தான் அவை வேலை செய்யும்.

கானாடுகாத்தான்:
பழைய வீடுகளை ஹோட்டலாக்கிய இடங்களில் கேமரா பதிவுக்குப் பை 4ம் எஸ்எஸ்டியும் வைக்கிறார்கள். டிஸ்க் அடிக்கடி உறைந்து ரீசெட் ஆனால் யூஏஎஸ் என்ற வேக டிஸ்க் முறையைச் சந்தேகியுங்கள். எஸ்எஸ்டியை யூஎஸ்பியில் சேர்ப்பது ஜேஎம்எஸ்578 சிப் என்றால், யூஏஎஸ்ஸை அணைக்க கமாண்ட்லைன் ஃபைலில் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவிர்க்ஸ் என்ற அமைப்புக்கு 152டி:0578:யூ என்று கொடுக்க வேண்டும். அந்த ஃபைல் முழுவதும் ஒரே வரி. நடுவில் என்டர் தட்டினால் பூட் ஆகாமல் போகலாம். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் பதிவு அறுபடாது.

யூஎஸ்பி 3.0 கேபிள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் போடும். முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்கு அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி வருவதற்குள் வைஃபை ஏற்கெனவே மெலிந்திருக்கும்; அதற்கு மேல் இந்த இரைச்சலும் சேர்ந்தால் தொடர்பு நிற்கவே நிற்காது. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் சுவர் இன்னும் அதிகமாகத் தடுக்கும். யூஎஸ்பி வைஃபை அடாப்டரை நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைக்கலாம், ஆனால் யூஎஸ்பி 2.0 கேபிள் 5 மீட்டரைத் தாண்டக்கூடாது. வளவு ஓரமாக ஒரு ஈதர்நெட் கேபிள் இழுத்துவிட்டால் 100 மீட்டர் வரை கவலையில்லை, சுவரில் துளை போடவும் வேண்டாம்.