தங்கச்சிக்கு அமெலோபிளாஸ்டோமாவாம், தாடை எலும்பை வெட்டத்தான் வேணுமா?

களுவாஞ்சிக்குடி அண்ணன்:
வணக்கம். தங்கச்சிக்கு 29 வயசு. கீழ்த்தாடையில கடைசிக் கொடுப்புப் பல்லுப் பக்கம் வீக்கம், நோவு ஒண்டும் இல்ல, இப்ப பல்லும் ஆடுது. ஓ.பி.ஜி. எக்ஸ்ரே, சி.ரி. ஸ்கேன், பயொப்சி (சின்னத் துண்டு வெட்டிச் சோதிக்கிறது) எல்லாம் எடுத்தாச்சு, ரிப்போர்ட் அமெலோபிளாஸ்டோமா, தாடையில வாற ஒரு கட்டியாம். கான்சர் இல்லயாம், ஆனா எலும்பில ஒரு துண்டு எடுக்கணுமாம். கான்சர் இல்லாட்டி சுரண்டி எடுத்தாக் காணாதா? அம்மா சாப்பிடாம அழுதுகொண்டு இருக்கா, சொந்தக்காரர் வேற நாட்டுவைத்தியம் பாருங்க எண்டு நிக்கிறாங்க.

பல்லு டொக்டர் அக்கா, மட்டக்களப்பு:
தம்பி, முதல்ல அம்மாவுக்குச் சொல்லுங்க, இது கான்சர் இல்ல. ஆனா இது நிக்கிற இடத்தில சும்மா நிக்காது, எக்ஸ்ரேயில தெரியிற எல்லையைத் தாண்டி எலும்புக்குள்ள இருக்கிற இடுக்குகளுக்குள்ள பூந்திருக்கும், அதால சுரண்டினா மிச்சம் நிண்டு திரும்ப வாறது கூட. அதுக்குத்தான் சுத்திவர 1 இலிருந்து 2 சென்ரிமீற்றர் நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறது. ரிப்போர்ட்ல யூனிசிஸ்டிக், அதாவது ஒரே பை மாதிரி இருக்கிற வகை, எண்டு இருக்கா பாருங்க. அந்த வகையில சிலதுக்குத்தான் சின்ன ஒபரேசன் காணும். சந்தேகம் எண்டா பயொப்சி ஸ்லைடை பேராதனை பல் மருத்துவ பீடத்து பத்தொலொஜியில (நோயியல் பிரிவில) இன்னொருக்காப் பார்க்கலாமா எண்டு ஓ.எம்.எஃப். சேர்ஜனிட்டயே (வாய், தாடை, முக ஒபரேசன் செய்யிற டொக்டர்) கேளுங்க, அவர் கோவிக்க மாட்டார். எண்ணெய் பூசி நாளைக் கடத்தாதீங்க, கட்டி வளர வளர வெட்டுற எலும்பும் கூடும்.

அக்கரைப்பற்று:
எங்கட மாமாவுக்கும் இதேதான். கால்ல வெளிப்பக்கம் இருக்கிற மெல்லிய எலும்பை எடுத்துத் தாடையில வச்சாங்க, உடம்புப் பாரத்தைத் தாங்குறது மற்ற எலும்புதானே, இப்ப வயலுக்கும் போறார். முதல்ல மூக்கால குழாய், பிறகு கஞ்சி, சூப். முகம் கொஞ்சம் வித்தியாசம், இல்லயெண்டு சொல்ல ஏலாது. ஆனா கிளினிக்கை மட்டும் விடவேணாம், 10 வருசம் கழிச்சும் இது திரும்ப வருமாம்.

கல்முனை உம்மா:
டொக்டர், என்ட மகனுக்கு 15 வயசு, ஒரு பக்க மூக்கு அடைப்பு, அடிக்கடி மூக்கால ரத்தம் போகுது. சைனஸ் எண்டு மருந்து குடுத்தாங்க, குறையல்ல. இதுவும் கட்டியா இருக்குமா?

பல்லு டொக்டர் அக்கா, மட்டக்களப்பு:
எல்லாம் கட்டி இல்ல, பயப்படாதீங்க. ஆனா வளர்ற ஆம்பிளப் பிள்ளைக்கு ஒரு பக்கம் மட்டும் அடைச்சு ரத்தமும் வந்தா ஈ.என்.ரி. டொக்டர் கட்டாயம் பார்க்கணும். மூக்குக்குப் பின்னால அஞ்சியோபைப்ரோமா எண்டு ஒரு கட்டி வாறது, அதுவும் கான்சர் இல்ல, ஆனா முழுக்க ரத்தக் குழாய். தங்கச்சிக்குச் செஞ்ச மாதிரி கிளினிக்ல வச்சு பயொப்சி எடுத்தா ரத்தம் நிக்காது. அதனால முதல்ல ஸ்கேன். உறுதியானா, கட்டிக்கு ரத்தம் போற குழாயை முதல்ல அடைச்சுப்போட்டுத்தான் அனேகமா ஒபரேசன் செய்வாங்க. திரும்ப ரத்தம் வந்தா மூக்கின்ட மென்மையான பகுதியைப் பிடிச்சு முன்னால குனிஞ்சு இருக்கச் சொல்லுங்க, நிக்காட்டி உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.