தடுப்பூசிப் பட்டியலில் காரணத்தையும் எழுதி ஒட்டியது சட்டப்படி சரியா?

கேள்வி: டைம்ஆபீஸ்_திண்டுக்கல்

நூற்பாலை ஒன்றில் டைம் ஆபீஸ் (வருகைப் பதிவு) எழுத்தராக இருக்கிறேன். 2021 நவம்பரில், பொது இடங்களுக்கு வருபவர்கள் கொரோனா தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்று 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் தமிழக அரசு உத்தரவிட்டது நினைவிருக்கும். எங்கள் நிர்வாகம் அதற்கு ஒரு படி மேலே போனது. பெயர், டோக்கன் எண், கைபேசி எண், முதல் தவணை, இரண்டாம் தவணை, கடைசியில் 'போடாததற்குக் காரணம்' என்று ஒரு கட்டம். எக்ஸெல்லில் தட்டி அச்செடுத்து, கேட்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் பசை தடவி ஒட்டினோம். தட்டியதும் நான், ஒட்டியதும் நான்.

ரிங் ஃபிரேமில், அதாவது நூல் நூற்கும் இயந்திரத்தில், சைடராக (அதைக் கவனிக்கும் தொழிலாளியாக) இருந்த ஒரு பையனின் பெயருக்கு நேரே 'வலிப்பு மாத்திரை. மருத்துவர் தள்ளிவைக்கச் சொன்னார்' என்று எழுதினேன். அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னதை அப்படியே தட்டினேன். மறுநாளே மேஸ்திரி அவரை ஓடும் இயந்திரத்தில் நிறுத்த மாட்டேன் என்று பஞ்சுக் கிடங்குக்கு மாற்றிவிட்டார். பேச்சுவார்த்தையில் இருந்த சம்பந்தமும் நின்றுபோனது. பெண் வீட்டாரின் உறவினர் ஒருவர் எங்கள் மில்லிலேயே இரண்டாவது ஷிப்ட்.

இப்போது விடுதிப் பெண்களுக்கு மருத்துவப் பரிசோதனை வருகிறது. "பழைய ஃபார்மேட்டையே எடுத்துக்கொள்" என்கிறார் மேலாளர். தடுப்பூசி போடு என்று சொல்ல அரசுக்கு அதிகாரம் இருக்கட்டும், அதை நான் எதிர்க்கவில்லை. போடாதவன் ஏன் போடவில்லை என்பதை ஊரறியச் செய்யும் அதிகாரமும் அதோடு சேர்ந்தே வந்துவிடுகிறதா?

பதில் 1: மதுரை_வழக்கறிஞர்

தம்பி, ஊசி வேறு, பட்டியல் வேறு. நீங்களே பிரித்துக் கேட்டுவிட்டதால் எனக்குப் பாதி வேலை மிச்சம்.

ஊசியைப் பற்றி உச்ச நீதிமன்றம் ஜேக்கப் புலியேல் வழக்கில் 2022 மே 2 அன்று சொல்லிவிட்டது. யாருக்கும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது, உடல்மீதான உரிமை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்குள் (உயிர், தனிமனித சுதந்திர உரிமை) வருகிறது. ஆனால் பொது சுகாதாரத்துக்காக அரசு கட்டுப்பாடுகள் விதிக்கலாம். அதற்கு 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில் வகுத்த மூன்று சோதனைகளைத் தாண்ட வேண்டும்: பின்னால் ஒரு சட்டம் இருக்க வேண்டும், நோக்கம் நியாயமாக இருக்க வேண்டும், கட்டுப்பாடு நோக்கத்துக்கு மேல் ஒரு சாண்கூட நீளக் கூடாது. மாநிலங்கள் விதித்திருந்த தடைகள் இந்த மூன்றாவதில்தான் சறுக்கின. போட்டவரைவிடப் போடாதவரால் தொற்று அதிகம் பரவுகிறது என்று காட்டத் தரவு எதுவும் வைக்கப்படவில்லை. தமிழ்நாட்டு உத்தரவும் அந்த வழக்கில் இருந்தது.

இனி பட்டியல். கேட்டில் நிற்கும் காவலாளிக்குத் தெரிய வேண்டியது போட்டாரா இல்லையா என்பது மட்டும். கோவின் சான்றிதழிலேயே 'காரணம்' என்ற கட்டம் கிடையாது. உங்கள் மில் கண்டுபிடித்த கட்டம் அது. நோக்கத்துக்கு மேல் நீண்டது அங்கேதான்.

தனியார் நிறுவனத்தின்மேல் 21-ஆம் பிரிவு பாயுமா என்று வாதாடுவார்கள். கௌஷல் கிஷோர் வழக்கில் 2023 ஜனவரியில் பெரும்பான்மை நீதிபதிகள் பாயும் என்றார்கள். ஆனால் அவ்வளவு உயரம் ஏறத் தேவையில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 2011 விதிகள் உடல்நிலை விவரத்தை நுண்ணிய (சென்சிடிவ்) தனிநபர்த் தகவல் என்கின்றன. அதை நிறுவனம் வெளியிடக் கூடாது என்கிறது 6-ஆம் விதி. கையால் எழுதி ஒட்டியிருந்தால் வாதாட இடமுண்டு. கணினியில் தட்டியது நிர்வாகத்துக்கு வினை.

பதில் 2: எதிர்க்கேள்வி

வழக்கறிஞர் ஐயா ஒன்றை விட்டுவிட்டார். 2021 ஜூனில் மேகாலயா உயர் நீதிமன்றமே, கடைகளிலும் டாக்சிகளிலும் ஊசி போட்டாயிற்றா என்று கண்ணில் படும்படி எழுதி வைக்கச் சொன்னதே? நீதிமன்றம் ஒட்டச் சொன்னால் சரி, மில் ஒட்டினால் தவறா?

பதில் 3: மதுரை_வழக்கறிஞர்

நல்ல கேள்விதான். அதே உத்தரவு, கட்டாயத் தடுப்பூசி செல்லாது என்றும் சொன்னது. பலகை, வருகிற வாடிக்கையாளர் தெரிந்து முடிவெடுக்க. அதில் இருந்தது ஆம், இல்லை அவ்வளவே. நோயின் பெயர் இல்லை. எனக்கு அந்தப் பலகையும் உவப்பானதல்ல என்பது தனிக் கதை.

1998-இல் எச்ஐவி பற்றிய வழக்கில் மருத்துவமனை ரகசியத்தை உடைத்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றது. சொன்ன காரணம், மணமகளாக வரவிருந்த பெண்ணின் உயிருக்கு இருந்த ஆபத்து. வலிப்பு எந்த இயந்திரத்திலிருந்து யாருக்குத் தொற்றும்?

பதில் 4: கிராம_செவிலியர்

பட்டியலே வேண்டாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். பட்டியல் இல்லாமல் ஒரு போலியோ சொட்டுகூடப் போட்டு முடிக்க முடியாது. என் பதிவேட்டிலும் காரணம் எழுதுகிறேன். இல்லாவிட்டால் அடுத்த மாதம் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று எனக்கெப்படித் தெரியும்? ஆனால் அந்தப் பதிவேடு என் பையைவிட்டு வெளியே வராது.

காசநோயாளி வீட்டுக்குப் போகும்போது தெருவில் யாராவது "என்னம்மா இந்தப் பக்கம்" என்றால், "குழந்தைக்கு ஊசி நாள் சொல்லிவிட்டுப் போக வந்தேன்" என்பேன். அந்த வீட்டில் குழந்தையே இல்லாத போதும் ஒருமுறை இதையே சொல்லி மாட்டிக்கொண்டேன்.

அண்ணா, விடுதிப் பெண்களின் பட்டியலில் மாதவிடாய், கருப்பை என்றெல்லாம் வரும். அதையும் கேட்டில் ஒட்டுவீர்களா?

பதில் 5: டைம்ஆபீஸ்_திண்டுக்கல்

ஒட்ட மாட்டேன், அக்கா. 'பரிசோதனை முடிந்தது: ஆம்/இல்லை' என்று ஒரே கட்டம் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். மீதியை மருத்துவரே வைத்துக்கொள்ளட்டும் என்றேன். "உனக்கெதற்கு இந்த வக்கீல் வேலை" என்றார். கையெழுத்து மட்டும் போட்டுவிட்டார்.

பழைய கோப்பு இன்னும் அலுவலகக் கணினியில் இருக்கிறது. மூன்று பேர் திறக்கக் கூடிய கணினி. அழித்துவிடட்டுமா, ஐயா?

பதில் 6: மதுரை_வழக்கறிஞர்

அழிக்காதீர்கள். அந்தப் பையன் என்றைக்காவது இழப்பீடு கேட்டால் அவருக்கிருக்கும் சான்று அது ஒன்றுதான். கடவுச்சொல் போட்டுப் பூட்டுங்கள். அப்படி ஒரு கோப்பு இருக்கிறது என்று அவருக்குச் சொல்லுங்கள். என்ன செய்வது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

பதில் 7: டைம்ஆபீஸ்_திண்டுக்கல்

பூட்டிவிட்டேன். அவர் இப்போது வேடசந்தூர்ப் பக்கம் வேறு மில்லில் இருப்பதாகக் கேள்வி. எண்ணைத் தேட வேண்டியதில்லை, அதே தாளில் மூன்றாவது கட்டத்தில் நானே தட்டி வைத்திருக்கிறேன். நாலு மணி ஷிப்ட் விட்டதும் பேசுகிறேன்.