குவாதலூப்பே: ஸ்பெயின் ஊரா, மெக்சிகோ மாதாவா, கரீபியன் தீவா?

கேள்வி:
மெக்சிகோ வரலாறு வாசித்துக்கொண்டிருக்கிறேன், எங்கே திரும்பினாலும் குவாதலூப்பே. தலைநகரில் இருக்கும் மாதா கோயில், அமெரிக்காவிடம் கிட்டத்தட்ட பாதி நாட்டை எழுதிக்கொடுத்த 1848 ஒப்பந்தம், முதல் ஜனாதிபதி, எல்லாவற்றுக்கும் இதே பெயர். வரைபடத்தில் தேடினால் ஸ்பெயினில் ஒரு ஊரும், பிரான்ஸ் வசம் ஒரு தீவும் வேறு வருகின்றன. இவற்றுக்குள் ஏதாவது தொடர்பு உண்டா? எது மூத்தது?

பதில்:
ஸ்பெயின் ஊர்தான் மூத்தது. எக்ஸ்ட்ரமதூரா மலைகளுக்கு நடுவே, ஒரு பெரிய மடத்தைச் சுற்றி வளர்ந்த சின்ன ஊர். அங்கே இருப்பது மரத்தில் செதுக்கிய கரிய மாதா, கையில் குழந்தை, சரிகை உடுப்பு முக்கோணமாக விரிந்து கிடப்பதால் முகத்தையும் கையையும் தவிர ஒன்றும் தெரியாது. 1340இல் சலாதோ போரில் ஜெயித்த மன்னர் பதினோராம் அல்போன்சோ வாரி வழங்கியதில் மடம் செழித்தது. கொலம்பஸ் இரண்டாம் பயணத்தில், 1493 நவம்பரில், கண்ணில் பட்ட தீவுக்கு இந்த மாதாவின் பெயரை வைத்தார். 1635இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து குடியேறினார்கள், பெயரை மட்டும் மாற்றவில்லை. கொலம்பஸ் கூட்டி வந்த பழங்குடியினர் இரண்டு பேருக்கு 1496இல் இந்த மடத்தில்தான் ஞானஸ்நானம் நடந்தது. கோயிலுக்கு எதிரே சதுக்கத்தில் இருக்கும் நீரூற்றுத் தொட்டிதான் அதற்குப் பயன்பட்டது என்று ஊரில் சொல்வார்கள். ஊர்க்காரர்கள் பெருமையாகக் காட்டும் இடம், ஆனால் அந்த இருவரும் யாருடைய வேலையாட்களாக அங்கே நின்றார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு பதில்:
மேலே சொன்னது சரி, ஆனால் மெக்சிகோ மாதாவை அதன் நகல் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மெக்சிகோவைப் பிடித்த ஸ்பானியத் தளபதி கோர்த்தேஸ் எக்ஸ்ட்ரமதூராக்காரர், அவர் படையிலும் அந்தப் பக்கத்து ஆட்கள் நிறைய, அதனால் பெயர் கடல் தாண்டிப் போனதில் ஆச்சரியமில்லை. உருவமோ முற்றிலும் வேறு. 1531 டிசம்பரில், தலைநகர்க் கோயிலை ஒட்டிய தெபெயாக் குன்றில் குவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்கு மாதா காட்சி கொடுத்ததாகவும், அவருடைய போர்வையிலேயே உருவம் பதிந்ததாகவும் நம்பிக்கை. சிலை கிடையாது, துணிமேல் இருக்கும் படம். கையில் குழந்தை இல்லை, நட்சத்திரம் இறைத்த நீலப்பச்சை முக்காடு, சுற்றிலும் கதிர்கள், காலடியில் பிறை. அதே குன்றில் முன்பு தொனான்சின் என்ற தாய்த்தெய்வத்தை வழிபட்டார்கள் என்று சாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியாரே 16ஆம் நூற்றாண்டில் கவலையோடு எழுதி வைத்திருக்கிறார். என்னைக் கேட்டால் அந்த மக்கள்தான் இவளைத் தங்கள் தாயாக்கிக்கொண்டார்கள்.

1810இல் இதால்கோ பாதிரியார் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளம்பியபோது கொடியில் பிடித்தது இந்தப் படத்தைத்தான். போராட்டத்தில் இருந்த ஒருவர் சொந்தப் பெயரையே விட்டுவிட்டு குவாதலூப்பே விக்தோரியா ஆனார், அவர்தான் நீங்கள் சொல்லும் முதல் ஜனாதிபதி. ஒப்பந்தம் கையெழுத்தானது கோயிலை ஒட்டிய ஊரில், அதற்கு ஏற்கெனவே இதால்கோவின் பெயரையும் சேர்த்து குவாதலூப்பே இதால்கோ என்று வைத்திருந்தார்கள்.

கேட்டவர்:
நன்றி, இப்போதுதான் தெளிவாகிறது. அப்புறம், டெக்சாஸில் ஒரு குவாதலூப்பே ஆறு இருக்கிறதே, அது எந்தக் கணக்கில்?

பதில்:
அது மெக்சிகோ கணக்கு. 1689இல் அங்கிருந்து வடக்கே படையோடு போன அலோன்சோ தே லியோன் வைத்த பெயர். முடிந்தால் டிசம்பர் 12 திருவிழாக் காட்சிகளைத் தேடிப் பாருங்கள். முந்தின இரவே லட்சக்கணக்கில் கூடிவிடுவார்கள், சிலர் முழங்காலாலேயே நகர்ந்து வருவார்கள், நள்ளிரவில் மாதாவுக்குப் பிறந்தநாள் பாட்டு. படத்துக்கு எதிரே கூட்டம் தேங்கி நிற்காமல் இருக்க, தானாக நகரும் நடைபாதையே போட்டிருக்கிறார்கள்.