கடுப்பு எங்க இருக்கு?

ஊரில் இருக்கும் அப்பத்தாவுக்கு ஒரு நாள் ராத்திரி போன் போட்டேன். "என்னடா, குரலே ஒரு மாதிரி இருக்கு?"
"ஒண்ணுமில்ல அப்பத்தா, செம கடுப்பா இருக்கு."
"அய்யய்யோ, எத்தனை தடவை போச்சு? சீதம் விழுதா?"
எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் ஆச்சு. நான் சொன்னது மேனேஜர் மேல வந்த கடுப்பு, அதுக்குக் கேட்டது வயித்துக்கடுப்பு. விளக்கம் சொல்றதுக்குள்ள வெந்தயத்தை மோர்ல போட்டு முழுங்கற வரைக்கும் போயிடுச்சு.

அப்பத்தாவுக்குக் கடுப்புன்னா உடம்புல வர்றதுதான்: நீர்க்கடுப்பு, தேள் கொட்டின கடுப்பு, கால் கடுக்க நின்னது. மனசுக்கு எரிச்சல்னு சொல்லும். யோசிச்சா அதுவும் தீப்பட்ட தோலோட சொல்தான். குடைச்சல், உளைச்சல் எல்லாமே கை கால்ல கிளம்பி மனசுக்கு வந்து சேர்ந்ததுதான். உங்களுக்கு இப்படி மாட்டின அனுபவம் உண்டா?

—

உண்டு, வசமாக மாட்டினேன். நண்பர்களுக்குள் "கடுப்பேத்தாதடா" என்றால் பாதி விளையாட்டு. அதே பழக்கத்தில் பெண் பார்க்கப் போன இடத்தில் மாமாவிடம், "சும்மா கடுப்பேத்தாதீங்க மாமா" என்று சொல்லித் தொலைத்தேன். 'ங்க' சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிடும் என்று நினைப்பு! மனிதர் மூன்று மாதம் பேசவில்லை. "எரிச்சலா இருக்கு மாமா" என்றிருந்தால் தப்பித்திருப்பேன். அது என் நிலைமையைச் சொல்வது. கடுப்பேத்துவது என்றால் குற்றவாளி அவர் ஆகிவிடுகிறார். எரிச்சலிலும் ஆபத்து இருக்கிறது. முன்னால் வயிறு சேர்ந்தால் பொறாமை.

—

நான் யாழ்ப்பாணம். எங்கட வீட்டில தம்பி சத்தம் போட்டால் அம்மா "பெரிய அரியண்டமாக் கிடக்கு" எண்டு தான் ஏசுவா. அரியண்டம் எண்டால் தொல்லை. சென்னையில படிக்கேக்க அறைத் தோழியிட்ட "எனக்கு விசர் வருது" எண்டன். விசர் எண்டால் பைத்தியம், ஆனா எரிச்சல் வந்தாலும் நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. பிள்ளை பயந்து வார்டனைக் கூட்டிக்கொண்டு வந்திட்டாள்.

—

தமிழாசிரியர் என்பதால் என் பங்குக்கு ஒன்று. தொல்காப்பிய உவமையியலில் உவம உருபுகளை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். 'கடுப்ப' வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து, "யாரைக் கடுப்ப, சார்?" வகுப்பே சிரித்தது. அங்கே அதற்கு 'போல' என்று பொருள். சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. அன்றைக்கு எனக்கு வந்தது இந்தக் காலத்துக் கடுப்பு.

—

முதல்ல எழுதினவன்தான். அப்பத்தா இப்பல்லாம் போனை எடுத்ததுமே கேக்குது: "இன்னைக்குக் கடுப்பு எங்கடா, வயித்துலயா ஆபீசுலயா?"