நிரம்பி வழியும் காப்பகத்திலிருந்து நாயைத் தற்காலிகமாக எடுத்து வளர்ப்பது பற்றி

கேள்வி: வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் வணக்கம். சென்னை வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம். எழுபது வயதைக் கடந்த மாமியார் பகல் முழுவதும் வீட்டில் இருப்பார். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மகளை அழைத்துக்கொண்டு புறநகரில் உள்ள ஒரு விலங்குகள் காப்பகத்துக்குச் சென்றிருந்தோம். நான்கைந்து நாய்கள் மட்டுமே இருக்கக்கூடிய கூண்டில் அதைப் போல் இரு மடங்கு நாய்கள் இருந்தன. உணவுத் தட்டை உள்ளே வைத்ததும் வலுவானவை முந்திக்கொள்ள, மெலிந்த பழுப்பு நிற நாய் ஒன்று சுவரோரமாகவே நின்றிருந்து, மற்றவை தின்று விலகிய பிறகு வந்து வெறும் தட்டை நக்கிவிட்டுத் திரும்பியது. பணியாளர்கள் அக்கறையுடன்தான் பார்த்துக்கொள்கிறார்கள். இடமும் கைகளும் போதவில்லை. தத்தெடுக்க முடியாவிட்டால், நிரந்தர வீடு கிடைக்கும் வரை சில மாதங்களுக்காவது ஒரு நாயை எடுத்துப் பராமரிக்க முடியுமா என்று கேட்டார்கள்.

சிறு குட்டியாக எடுத்தால் நம் பழக்கத்துக்கு வந்துவிடும் என்கிறார் கணவர். மாமியாருக்கு வெறிநோய் பற்றிய அச்சம் இருக்கிறது. வீட்டு உரிமையாளரிடம் இன்னும் பேசவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக எனக்குள்ள தயக்கம் இது: சில மாதங்கள் வீட்டில் வைத்திருந்துவிட்டு வேறொருவரிடம் கொடுப்பது அந்த உயிருக்கு நாம் செய்யும் கொடுமையாகிவிடாதா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: காப்பகத் தன்னார்வலர்

வணக்கம் சகோதரி. உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நல்ல மனம் கொண்ட பலர் பின்வாங்குவது அந்த இடத்தில்தான். வீட்டிலிருந்து வீட்டுக்குச் செல்லும் நாய் சில நாட்கள் ஏங்கும், சரியாகச் சாப்பிடாது, பிறகு புதியவர்களோடு ஒட்டிக்கொள்ளும். கூண்டில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் நாய்க்கு அந்த ஏக்கத்துக்குக்கூட வழியில்லை. ஆகவே, பிரித்துக் கொடுப்பது கொடுமை என்று எண்ணி எடுக்காமல் இருந்துவிடாதீர்கள்.

காப்பகங்கள் ஏன் நிரம்புகின்றன என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2023ஆம் ஆண்டின் விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். எனவே கருத்தடைக்காக வருபவை பொதுவாகக் காப்பகத்தில் தங்குவதில்லை. தங்கிவிடுபவை எவை என்றால், வாகனம் மோதி இடுப்புக்குக் கீழே செயலிழந்தவை, பார்வை போனவை, முதுமை கண்டவை, வளர்த்தவர்களே வாசலில் கட்டிவிட்டுப் போன இன நாய்கள், அட்டைப் பெட்டியில் போட்டு விட்டுச் செல்லப்படும் குட்டிகள் ஆகியவைதான். அக்குட்டிகளில் பெண் குட்டிகளே மிகுதி. பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற வளாகங்களிலிருந்து அகற்றப்படும் நாய்களை மீண்டும் அங்கேயே விடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பர் 7 அன்று பிறப்பித்த உத்தரவுக்குப் பிறகு, காப்பக இடத்தின் தேவை இன்னும் கூடியிருக்கிறது.

தற்காலிகப் பராமரிப்பால் ஒரு கூண்டில் ஓர் இடம் காலியாகும் என்று மட்டும் பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரியும் நன்மை வேறு. கூண்டில் இருக்கும் நாயின் குணம் எங்களுக்கே முழுமையாகத் தெரியாது. தத்தெடுக்க வருகிறவர் அது குழந்தைகளோடு பழகுமா, தனியே விட்டால் ஊளையிடுமா, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்குமா என்று கேட்டால் ஊகித்துத்தான் சொல்ல முடிகிறது. உங்கள் வீட்டில் சில வாரங்கள் இருந்த நாயைப் பற்றி நீங்கள் உறுதியாகச் சொல்ல முடியும். வீட்டுக்குள் இயல்பாகப் படுத்திருக்கும் நாயின் படம், கம்பிக்குப் பின்னால் நிற்கும் நாயின் படத்தைவிட விரைவில் ஒருவரை அழைத்து வரும். நீங்கள் கண்ட அந்தப் பழுப்பு நாயை யாரும் கேட்காததற்குக் காரணம் அது முன்னால் வராததுதான். அப்படிப்பட்ட நாய்கள் வீட்டுக்குள் பெரும்பாலும் தொல்லையில்லாமல் இருக்கும்.

எடுப்பதற்கு முன் காப்பகத்திடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டியவை உண்டு. தடுப்பூசி, கருத்தடைச் செலவு யாருடையது, நள்ளிரவில் உடல்நலம் கெட்டால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டு செல்வது, எவ்வளவு காலத்துக்கு, உங்களால் இயலாமல் போனால் திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்பவை தெளிவாக இருக்க வேண்டும். இவற்றை எழுதிக் கொடுக்கத் தயங்கும் இடத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பதில் 2: கால்நடை மருத்துவர், செங்கல்பட்டு

குட்டி எடுப்பது குறித்துச் சில மருத்துவச் செய்திகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நெரிசலான காப்பகத்தில் குட்டிகளைக் கொல்வது பெரும்பாலும் பார்வோ வைரஸும் டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோயும்தான். தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்பாற்றல் படிப்படியாகக் குறையும். அது இருக்கும் வரை தடுப்பூசியின் வேலையை அதுவே தடுத்துவிடும். அது எப்போது தீர்கிறது என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால்தான், ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும் வரை, சில வார இடைவெளியில் ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறோம். இடைப்பட்ட காலத்தில் குட்டி எந்நேரமும் நோய்க்கு ஆளாகலாம். எடுக்கும்போது துள்ளி விளையாடிய குட்டி, ஒரு வாரம் கழித்து உணவை ஒதுக்கி, வாந்தி எடுத்து, கடும் நாற்றத்துடன் இரத்தம் கலந்து பேதியானால், மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது.

பார்வோ வைரஸ் தரையிலும் துணியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்கும். வழக்கமான பினாயில் அதற்குப் போதாது. பிளீச்சிங் கரைசலே பயன்படும். ஆகவே இதற்கு முன் பார்வோ கண்ட வீட்டில் ஊசி முடியாத குட்டியை வைக்கவே கூடாது. மாறாக, இதுவரை நாயே இல்லாத உங்கள் வீட்டைப் போன்ற இடம், ஊசி முடியாத குட்டிக்குக் காப்பகத்தைவிடப் பாதுகாப்பானது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் குட்டிக்கு மூன்று நான்கு வேளை உணவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்க அழைத்துச் செல்வது, பல் முளைக்கும் காலத்துக் கடி ஆகிய அனைத்தும் உங்கள் மாமியார் தலையில் விழும். எழுபது வயதுக்கு மேற்பட்டவரின் காலைச் சுற்றிக் குட்டி ஓடினால் தடுக்கி விழவும் நேரலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த, மூன்று நான்கு வயதுள்ள நாட்டு நாயைக் கேட்டு வாங்குவேன்.

வெறிநோய் பற்றி: மூன்று மாத வயதில் முதல் ஊசி போட்டு, பிறகு மருத்துவர் குறிக்கும் நாளில் தவறாமல் தொடர்ந்த நாயைப் பற்றி மாமியார் அஞ்ச வேண்டியதில்லை, சான்றிதழை வாங்கி அவரிடமே காட்டுங்கள். இருந்தாலும் எந்த நாயாவது கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடிக்கடி விலங்குகளை எடுத்து வளர்க்க எண்ணுபவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்கலாம்.

பதில் 3: மயிலாப்பூரிலிருந்து

நான் பல ஆண்டுகளாகப் பூனைக்குட்டிகளைத்தான் எடுத்து வளர்த்துக் கொடுத்து வருகிறேன். பகலில் முதியவர் மட்டும் இருக்கும் மாடி வீட்டுக்குப் பூனையையும் நீங்கள் எண்ணிப் பார்க்கலாம். நடைக்கு அழைத்துச் செல்லும் வேலை இல்லை. பால்கனிக்கும் சன்னலுக்கும் வலை அடித்த பிறகே கொண்டு வர வேண்டும். பூனை இருக்கும் வீட்டில் பினாயில் போட்டுத் தரை துடைக்கக் கூடாது. அது காலில் பட்டு, நக்கும்போது உள்ளே போய் நஞ்சாகிறது. காய்ச்சல் போலத் தெரிந்தால் பாரசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். தாயில்லாத சின்னஞ்சிறு குட்டிக்குப் பசும்பால் ஒத்துக்கொள்ளாது. பூனைக்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவைக் கரைத்து, குட்டியைக் கவிழ்ந்த நிலையில் வைத்துப் புகட்ட வேண்டும். உடல் குளிர்ந்திருக்கும் குட்டியை முதலில் சூடாக்கிவிட்டுத்தான் பால் கொடுக்க வேண்டும்.

பதில் 4: குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர், ஆதம்பாக்கம்

வளர்ப்பு விலங்குகளைக் குடியிருப்போர் சங்கம் தடை செய்ய முடியாது என்றும், மின்தூக்கியைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுக்கவும் இயலாது என்றும் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டுள்ளது. ஆனால் வாடகை ஒப்பந்தம் உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையிலானது. அவரிடம் சொல்லாமல் கொண்டு வந்து, பிறகு அவர் மறுத்தால், அந்த நாய்தான் மறுபடி கூண்டுக்குப் போகும். முதலில் அவரிடம் பேசிச் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். சென்னை மாநகராட்சியின் வளர்ப்பு விலங்கு உரிமத்தையும் எடுத்துவிட வேண்டும். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றிதழ் தேவைப்படும்.

வேளச்சேரி வாசகி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் எழுதியதை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். வளர்ந்த நாய் என்றால் தனக்குச் சம்மதம் என்றார். வீட்டு உரிமையாளர், மாடிப்படியில் அசுத்தம் ஆகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையுடன் ஒப்புக்கொண்டார். அந்தப் பழுப்பு நிற நாயைப் பற்றியே விசாரித்தோம். அதற்கு ஏறத்தாழ நான்கு வயது, கருத்தடை முடிந்துவிட்டது என்கிறார்கள். தற்காலிகமாக எடுப்பதாகவே எழுதிக் கொடுக்க இருக்கிறோம். முதல் சில நாட்களில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

காப்பகத் தன்னார்வலர்

மிக்க மகிழ்ச்சி. தெருவிலும் சிமென்ட் தரையிலும் வாழ்ந்த நாய் வழவழப்பான டைல்ஸ் மீது நடக்கவே அஞ்சும். நான்கு கால்களையும் பரப்பிக்கொண்டு வாசலிலேயே நின்றுவிடும். வாசலிலிருந்து அது படுக்கும் மூலை வரை பழைய கோணிப்பைகளை விரித்து வையுங்கள். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டால் இழுக்க வேண்டாம். மகளிடமும் தானாக வரும் வரை தொடக் கூடாது என்று சொல்லிவையுங்கள். பலர் பார்க்க அது சாப்பிடாது. சோறும் வேகவைத்த கோழி ஈரலும் பிசைந்து வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டு விலகிவிடுங்கள். காலை, மாலை ஒரே நேரத்தில் கீழே அழைத்துச் சென்றால் மாடிப்படி பற்றிய நிபந்தனையும் காப்பாற்றப்படும். முதல் மாதத்தில் கழுத்துப்பட்டை மட்டும் போட்டு வெளியே அழைத்துச் செல்லாதீர்கள். மார்புப் பட்டையும் சேர்த்துப் போடுங்கள், ஏனெனில் மிரண்ட நாய் கழுத்துப்பட்டையிலிருந்து தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும். உங்கள் கைப்பேசி எண்ணை எழுதிய வில்லை ஒன்றை வீட்டுக்கு வரும் அன்றே மாட்டிவிடுங்கள். தீபாவளி நெருங்கும் நேரம் என்றால், வெடிச் சத்தம் ஓய்ந்த பிறகு அழைத்து வருவதே நல்லது. அதுவரை அந்த நாயை உங்களுக்கென ஒதுக்கி வைக்கும்படி காப்பகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.