டிபோர் ரூபின் பற்றிய உரைக்கு உங்கள் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பினாங்கில் எங்கள் வாசகர் வட்டத்தில் அடுத்த மாதம் டிபோர் ரூபின் என்ற வீரரைப் பற்றி உரையாற்றவிருக்கிறேன்.

1929இல் ஹங்கேரியில் யூதக் குடும்பத்தில் பிறந்த அவர், நாஜிகளின் மௌத்தௌசன் வதைமுகாமிலிருந்து 1945இல் அமெரிக்கப் படையினரால் மீட்கப்பட்டார்; 1948இல் அமெரிக்காவில் குடியேறி, குடியுரிமை பெறும் முன்பே அந்நாட்டுப் படையில் சேர்ந்து கொரியப் போருக்குச் சென்றார். ஒரு குன்றை ஒரு நாள் முழுக்கத் தனியாளாகக் காத்தது பெரும் வீரம்தான். ஆனால் என்னை உலுக்கியது, அவர் போர்க்கைதியாக இருந்த ஏறத்தாழ 30 மாதங்களே. இரவில் எதிரியின் கிடங்கில் உணவைத் திருடி வந்து நோயாளிகளுக்கு ஊட்டினார். அழுகிய புண்களில் புழுக்களை விட்டு, கெட்ட சதையை அவை தின்னும்படி செய்து உயிர் காத்தார். ஹங்கேரிக்கு அனுப்புவதாக, அவரைச் சிறைவைத்திருந்த சீனர்கள் சொன்னபோதும் தோழர்களை விட்டுப் போக மறுத்தார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனர், 2005இல், அவருடைய 76ஆம் வயதில்தான் கிடைத்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில் பாதையில் வேலை செய்ய மலாயாத் தோட்டத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட என் தாத்தா, காய்ச்சலில் கிடந்த தமக்குத் தன் பங்குக் கஞ்சியை ஊட்டிய ஒருவரைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வருகிறது. அப்படிப் பிறரைக் காத்தவர்களைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது ஏதேனும் இருந்தால், எந்தத் தோட்டத்திலிருந்து சென்றவர்கள் என்ற குறிப்புடன் இங்கே எழுதுங்கள். உரையில் சேர்க்க உங்கள் அனுமதியும் வேண்டும்.